இசைக்கு அனுப்பும் முன் வீடியோ வெட்டை முடியுங்கள்

நல்லூர்த் தேர்த் திருவிழாவை வைத்து ஒரு சிறு வீடியோ செய்தோம். இசை, கொக்குவிலில் இருக்கும் ஒரு தம்பி. அரைகுறை எடிட்டிங்கை அவருக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் தேர் அசைவதற்கு முன் 2 செக்கனை வெட்டி எடுத்தேன். வடம் இறுகும்போது விழ வேண்டிய தவில் அடி, தேர் நகர்ந்த பிறகு விழுந்தது. தம்பி முழுவதையும் திரும்பச் செய்தார்.

இப்போது வெட்டு முடிந்த பிறகே அனுப்புகிறேன். மூலையில் டைம்கோட் (எத்தனையாவது நிமிடம், செக்கன் என்று காட்டும் எண்) ஓடும் பிரதி, கூடவே "0:42 வடம் இறுகுகிறது" என்பதுபோல் குறிப்புகள். படம் தொடங்க 2 செக்கன் முன்பு ஒரு பிரேம் (வீடியோவின் ஒரு தனிப்படம்) நீளத்துக்கு ஒரு 'பீப்' வையுங்கள். இசைக் கோப்பிலும் அதே இடத்தில் பீப் இருந்தால் இரண்டையும் பொருத்துவது சுகம்.

இசையின் வேகத்தையும் முதலே கதைத்துவிடுங்கள். செக்கனுக்கு 25 பிரேம் ஓடும் வீடியோவில் 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி) என்றால் ஓர் அடிக்கு 12.5 பிரேம்; பாதி பிரேமில் வெட்ட முடியாததால் வெட்டு அடியில் சரியாக உட்காராது. 125 என்றால் 12 பிரேம், 100 என்றால் 15.

இசையை 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (சுருக்காத ஒலி) கோப்புகளாக, தவில், நாதஸ்வரம் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். பேச்சு வரும் இடத்தில் தவிலை மட்டும் தணிக்கலாம்.