பாட்டி வீட்டுப் பழம்பொருளைப் பெட்டியில் வைக்கும் முன்

இந்தியாவிலிருந்து ஒரு தொல்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தனியாளுக்கு உரிமம் கிடையாது. கட்டணம் கட்டினாலும் கிடையாது. அது உங்கள் கொள்ளுப்பாட்டியின் சொத்து என்று பத்திரத்தோடு நிரூபித்தாலும் கிடையாது. ஊருக்குப் போகிற பலரும் "எங்கே பெர்மிட் வாங்குவது?" என்று கேட்டுக்கொண்டு போய், கடைசி இரண்டு நாளில் அலைந்து, விமான நிலையத்தில் பொருளைப் பறிகொடுக்கிறார்கள். வாங்க முடிந்த காகிதம் ஒன்றே ஒன்று: "இது தொல்பொருள் அல்ல" என்ற சான்றிதழ். உண்மையிலேயே தொல்பொருளாக இருந்தால் அந்தச் சான்றிதழும் வராது.

இதற்கு அடிப்படை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டம். 1976 ஏப்ரல் 5 முதல் நடப்பில் இருக்கிறது. மத்திய அரசும் அது அதிகாரம் அளித்த அமைப்பும் தவிர வேறு யாரும் தொல்பொருளை ஏற்றுமதி செய்யக்கூடாது என்கிறது அதன் 3-ஆம் பிரிவு. மீறினால் 6 மாதத்துக்குக் குறையாத, 3 ஆண்டு வரையிலான சிறை, அபராதம் தனி. இந்தியக் கடவுச்சீட்டா, வெளிநாட்டு இந்தியருக்கான ஓ.சி.ஐ. அட்டையா, வெளிநாட்டுக் குடியுரிமையா என்ற வேறுபாடெல்லாம் இதில் இல்லை. பெட்டியில் வைத்தாலும், கூரியரில் அனுப்பினாலும், கப்பல் சரக்கில் ஏற்றினாலும் அதே சட்டம்தான்.

எது தொல்பொருள்? நூறு ஆண்டுக்குக் குறையாத வயதுடைய சிற்பம், ஓவியம், நாணயம், கல்வெட்டு, கைவினைப் பொருள் எல்லாம். எழுத்துச் சுவடியும் ஆவணமும் என்றால் 75 ஆண்டு போதும். ஆனால் அதற்கு அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகியல் என ஏதேனும் ஒரு மதிப்பு இருக்கவேண்டும். கணக்கு நீங்கள் புறப்படும் நாளிலிருந்து போடப்படும். அப்பா காலத்தில் தடையின்றிப் போயிருக்கக்கூடிய பொருள் இன்று நூறைத் தாண்டியிருக்கலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பூஜை அறை விக்கிரகம் என்றால் எல்லாரும் உஷாராகிவிடுவார்கள். சிக்குவது வேறு பொருட்களில். பழைய வீட்டை இடிக்கும்போது எடுத்து வைத்த செதுக்கு நிலைக்கதவு, தூண் போதிகை, சாளரச் சட்டம் ஆகியவற்றைப் "பழைய மரம்தானே" என்று நினைக்கிறார்கள். கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளையும் சட்டம் வெளிப்படையாகவே தொல்பொருள் வரையறையில் சேர்த்திருக்கிறது. செட்டிநாட்டு வீடுகள் பல 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொடங்கி 1940-கள் வரை கட்டப்பட்டவை. எனவே காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கும் ஒரு தூண் நூறு ஆண்டு எல்லைக்கு இப்புறமும் இருக்கலாம், அப்புறமும் இருக்கலாம். கடைக்காரர் சொல்லும் வயது சுங்கத்தில் எடுபடாது.

அடுத்தது நாணயம். விக்டோரியா, ஏழாம் எட்வர்ட் தலை பதித்த காசுகள் எல்லாமே நூறைக் கடந்தவை. எட்வர்ட் இறந்தது 1910-இல். அந்தக் காசுகளைக் கோத்த காசுமாலைக்கு நகை என்பதால் விலக்கு ஒன்றும் இல்லை. ரவி வர்மா படங்களிலும் குழப்பம் உண்டு. வயது நூறு ஆகாவிட்டாலும் சில ஓவியர்களின் மூலப் படைப்புகளைக் கலைக்கருவூலம் என அரசு அறிவித்திருக்கிறது: ரவீந்திரநாத் தாகூர், அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ், ரவி வர்மா உள்ளிட்டோர். அவையும் நாட்டைவிட்டுப் போகமுடியாது. ரவி வர்மாவின் அச்சுப் படம் மூல ஓவியமல்ல. என்றாலும் 1906-இல் மறைந்த அவர் காலத்திலேயே அச்சானதாக இருந்தால், வயதாலேயே அது தொல்பொருள் ஆகிவிடும்.

சான்றிதழ் எப்போது தேவை? சுவாமிமலையில் போன மாதம் வார்த்த நடராஜருக்கும், தஞ்சாவூரில் புதிதாக வரைந்த ஓவியத்துக்கும் சட்டப்படி தடையில்லை. ஆனால் பார்த்தவுடன் வயதைச் சொல்லமுடியாத உலோக, கல், மரச் சிற்பம் எதுவானாலும் வாங்கிவிடுவது நல்லது. சரக்காக அனுப்புவதென்றால் கட்டாயம் வாங்குங்கள். சுங்க அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் அவர் தாமாக முடிவு செய்வதில்லை. அது தொல்பொருளா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநருக்கோ அவர் அதிகாரம் அளித்தவருக்கோதான். அந்த முடிவு வரும்வரை பொருள் அங்கேயே நிற்கும், விமானம் நிற்காது.

சென்னையில் தொல்லியல் துறையின் வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. அங்கே விண்ணப்பத்தோடு பொருளையே நேரில் காட்டவேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் முன், பின், அடிப்பாகம் தெரியும் தெளிவான வண்ணப்படங்கள் பல பிரதிகள், உயரம், அகலம், எடை, எந்த உலோகம் அல்லது மரம், வாங்கிய ரசீது, கடவுச்சீட்டு நகல் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். பார்த்து முடிவு சொல்லும் நிபுணர் குழு தினமும் கூடுவதில்லை. அதனால் முதலில் தொலைபேசியில் பேசி நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பயணத்தின் முதல் வாரத்திலேயே இந்த வேலையை முடித்துவிட்டு மற்ற ஊர்களுக்குப் போங்கள். விண்ணப்பத்தில் உள்ள அளவும் பொருளின் அளவும் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பீடத்தோடு ஒரு அளவு, பீடமில்லாமல் ஒரு அளவு என்று இரண்டையும் எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

புதுப் பொருள் வாங்கும்போது ரசீதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். "ஆன்டிக் ஃபினிஷ்" என்று கடைக்காரர் எழுதுவது மெருகைக் குறிக்கத்தான். ஆனால் சுங்க மேசையில் அந்த ஒரு சொல்லே உங்களுக்கு எதிராக நிற்கும். அதை எழுத விடாதீர்கள். அதற்குப் பதில் தெய்வத்தின் பெயர், உயரம் சென்டிமீட்டரில், எடை கிலோவில், உலோகம், செய்த ஆண்டு, செய்த பட்டறையின் முகவரி, ஜி.எஸ்.டி. எண் எல்லாம் எழுதி வாங்குங்கள். அமிலம் பூசியோ மண்ணில் புதைத்தோ பாசிபிடிக்க வைத்த சிலைகள் அழகாகத் தெரியலாம். வெளிநாடு போகிறவர்கள் தவிர்ப்பதே நல்லது. பட்டறையில் புதிய வெண்கல நிறத்தோடே கேளுங்கள். ஸ்தபதியின் பட்டறையிலோ தமிழக அரசின் பூம்புகார் கைவினைப்பொருள் விற்பனை நிலையத்திலோ வாங்கினால் ரசீது பெரும்பாலும் முறையாக இருக்கும். பெட்டியில் வைக்கும்போது மேலாக வையுங்கள். வெண்கலம் ஸ்கேனரில் கரிய கட்டியாகத் தெரியும். எப்படியும் திறக்கச் சொல்வார்கள். ரசீதும் சான்றிதழும் கைப்பையில் இருக்கட்டும்.

கோயில் தர்மகர்த்தா கடிதம், பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து, நோட்டரி பிரமாணப் பத்திரம் எதற்கும் இங்கே மதிப்பில்லை. யாராவது "நூறு வருஷச் சிலை, மலிவு" என்று காட்டினால், அதற்குரிய பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். கல், உலோகம், தந்தம் முதலிய சிற்பங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்திருக்கவேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் தொடவேண்டாம். தமிழகக் கோயில்களிலிருந்து எத்தனை விக்கிரகங்கள் களவு போயின என்பது நமக்குத் தெரியும். ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2014-இல்தான் திரும்பி வந்தார். திருடியவரிடமிருந்து பல கை மாறி நல்லெண்ணத்தோடு வாங்கினாலும், சாமி நம் வீட்டுக்குரியவர் ஆகமாட்டார்.

யானைத்தந்தம் எந்த வயதானாலும், எந்த வடிவானாலும் வேண்டாம். தந்தப்பிடி வைத்த பேனாக்கத்தியும் அதில் அடங்கும். மயிற்பீலிக்கும் ஏற்றுமதித் தடை உண்டு. முருகன் கோயிலில் கொடுத்த பீலியாக இருந்தாலும் அதேதான்.

இலங்கையிலிருந்து பொருள் கொண்டுபோகிறவர்களுக்குச் சட்டம் வேறு. அங்கே உரிமம் உண்டு. 1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டமும், 1988-ஆம் ஆண்டின் 73-ஆம் இலக்கப் பண்பாட்டுச் சொத்துச் சட்டமும் இதை ஆள்கின்றன. சுங்கம் நடைமுறையில் பார்ப்பது 50 ஆண்டு என்ற எல்லையை. அதாவது 1970-களின் தொடக்கத்தில் செய்த ஒரு பெட்டகமும் இப்போது கேள்விக்குள் வந்துவிட்டது. உரிமம் தருவது தொல்பொருளியல் திணைக்களம்; தலைமையகம் கொழும்பு 7, சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில். ஏட்டுச்சுவடி, அரிய நூல், பழைய உறுதிப்பத்திரம் போன்றவற்றுக்குத் தேசிய சுவடிகள் காப்பகத் திணைக்களத்தையும் கேட்கவேண்டும். அதுவும் கொழும்பு 7-தான். யாழ்ப்பாணத்திலிருந்து போய்வருவதற்கே ஒரு நாள் தேவை. விடுமுறையின் கடைசி வாரத்துக்கு இதைத் தள்ளாதீர்கள். விலை கொடுத்து வாங்கினேன் என்ற ரசீது உரிமத்துக்கு ஈடாகாது.

வீட்டு மீளமைப்பில் அத்திவாரம் வெட்டும்போது காசோ பானை ஓடோ கிளம்பினால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள். இலங்கையில் மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். கிராம சேவையாளரிடமோ பொலிசிலோ சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும். அந்தப் பத்து ரூபாய் இன்றும் பத்து ரூபாய்தான்.

இறங்கும் நாட்டிலும் கண் உண்டு. ஆஸ்திரேலியாவும் கனடாவும் சட்டவிரோதமாக வெளியேறிய பண்பாட்டுப் பொருளைத் திருப்பி அனுப்பச் சட்டம் வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் 250 ஆண்டுக்கு மேற்பட்ட அகழ்வுப் பொருளுக்கும் கட்டடச் சிற்பத்துக்கும் இறக்குமதி உரிமமே வேண்டும். ஆஸ்திரேலியாவில் மரச் சாமானில் ஒரு பூச்சித்துளை தெரிந்தாலும் பூச்சி, நோய் பரவாமல் தடுக்கும் உயிரியல் பாதுகாப்புத் துறை தனியாக நிறுத்தும்.

கொண்டுபோக முடியாததை என்ன செய்வது? இந்தியாவில் பொருளைச் சொந்தமாக வைத்திருக்கத் தடையில்லை. பதிவு செய்யவேண்டிய வகையாக இருந்தால் செய்துவிட்டு, ஊரிலிருக்கும் உறவினர் பொறுப்பில் விடலாம். உரிமை கைமாறினால் பதிவு அதிகாரிக்குத் தெரிவியுங்கள். ஏடுகள்தான் மனத்தை அதிகம் அரிப்பவை. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எத்தனை சுவடிகள் எரிந்தன என்று நினைக்கும்போது, மிஞ்சிய ஓர் ஏட்டுக்கட்டையாவது பெட்டிக்குள் ஒளித்து எடுத்துப்போகத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். ஈரக் குளிரும் ஹீட்டர் சூடும் மாறிமாறி வரும் அறையில் ஓலை வெடிக்கும். இலங்கையின் வடக்கில் "நூலகம்" என்ற பெயருடைய நிறுவனம் ஏடுகளை மின்னுருவாக்கம் செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் தஞ்சை சரசுவதி மகால், சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ.வே.சா. நூலகம் ஆகியவை இருக்கின்றன. படம் பிடித்த கோப்புக்கு எந்தச் சுங்கத்திலும் தடையில்லை. வீட்டிலேயே வைப்பதென்றால் மென்தூரிகையால் தூசு தட்டி, எலுமிச்சம்புல் எண்ணெயை மெல்லத் தடவி, இரண்டு மரப்பலகைக்கு நடுவே பருத்தித் துணியில் கட்டி வையுங்கள். கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் ஏடுகளின் வரிசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை குலைந்த கட்டைத் திரும்ப அடுக்கத் தெரிந்தவர்கள் இப்போது மிகச் சிலர்.