சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள்

பெசன்ட் நகரில் ஆறு மணிக்குச் சந்திப்பதாகச் சொல்லிவிட்டு, ஐந்தே முக்காலுக்குக் கிண்டி நெரிசலில் நின்றுகொண்டு ‘வந்துட்டே இருக்கேன்’ என்று செய்தி அனுப்பும் ஆளாகத்தான் நானும் இருந்தேன். ஒரு நாள் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு. ஷ்மிட் நினைவகத்துப் பக்கம் காத்திருந்தவர் கையில் சுண்டல் பொட்டலம் காலி. முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் உறைத்தது.

அதற்கப்புறம் சேரும் நேரத்தை விட்டுவிட்டு, கிளம்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தேன். ஆறு மணிச் சந்திப்பு என்றால் நாலே முக்காலுக்கு வீடு பூட்டியாக வேண்டும். முடிந்தால் பறக்கும் ரயில். திருவான்மியூரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். கால் மணி நேரம் முன்னதாக வந்தால் முகம் கழுவி வியர்வை ஆற்றிக்கொள்ளலாம். சென்னையில் இது சின்ன விஷயமா என்ன?

இடத்தையும் முன்பே விசாரித்து வையுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பூட்டிய கேட் முன்னால் அசடு வழிய வேண்டாம்.

அப்புறம் போன். சைலன்ட்டில் போட்டுப் பைக்குள் வையுங்கள். மேசையில் கவிழ்த்து வைப்பது கணக்கில் சேராது, கண் அங்கேயே போகும். இரவு பதினோரு மணிக்கு மேல் நீள நீளமாக மெசேஜ் தட்டுவதையும் விட்டுவிட்டேன். பதில் வரவில்லையா, சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம். நீல டிக் வந்துவிட்டதா என்று நாலு தடவை எட்டிப்பார்ப்பதை நிறுத்தத்தான் எனக்கு இரண்டு மாதம் ஆனது.