பாலைவனத்தில் நாயுடன் மிதிவண்டிப் பயணம்: டிரெய்லருக்குள் சூடு சேராமல் காப்பது எப்படி?

கூடாரம் அடிக்கவும், பஞ்சர் ஒட்டவும், சுமைப்பைகளை இருபக்கமும் எடை சமமாகக் கட்டவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு, நாய் உடன் வருவதால் எவை மாறுகின்றன என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். மிதிவண்டியின் பின்னால் மாட்டி இழுக்கும் சிறு வண்டியான டிரெய்லரில் என்னுடன் வந்தது 14 கிலோ எடையுள்ள, நீண்ட மூக்குடைய கலப்பின நாய். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களை இத்தகைய பயணத்துக்கு அழைத்துச் செல்லவே வேண்டாம். நாய் தன் உடற்சூட்டைப் பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலமே தணித்துக்கொள்கிறது. அவ்வினங்களின் குறுகிய மூச்சுப்பாதை அதற்குப் போதுமானதாக இல்லை.

படி 1: டிரெய்லரைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டு சக்கரமும் அதிர்வுதாங்கியும் உள்ள டிரெய்லரையே நான் பரிந்துரைப்பேன். ஒற்றைச் சக்கர டிரெய்லர் குறுகிய தடங்களில் எளிதாக நுழையும் என்றாலும், உள்ளே நாய் எழுந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் மிதிவண்டியின் கைப்பிடி வரை ஆட்டம் வரும். உள்ளே கட்டும் குட்டை வாரைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல், மார்பைச் சுற்றிவரும் ஹார்னஸில் மாட்டுங்கள். புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, நிற்கும் டிரெய்லரில் நாய் தானாக ஏறிப் படுக்கப் பழகியிருக்க வேண்டும்.

படி 2: உள்ளே இருக்கும் காற்று

என்னைத் தடுக்கி விழச் செய்தது இந்தப் படிதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதல் பயணத்தின் மூன்றாம் நாள் காலை, நல்ல பின்காற்று கிடைத்த மகிழ்ச்சியில் நிறுத்தாமல் மிதித்துக்கொண்டிருந்தேன். வெயில் இன்னும் ஏறவில்லை. எனக்கு வியர்வைகூடப் பெரிதாக இல்லை. தண்ணீர் குடிக்க நிறுத்திப் பார்த்தபோது, நாயின் நாக்கு நுனி அகன்று கரண்டி போல விரிந்திருந்தது, எச்சில் கெட்டியாகி இழை இழையாகத் தொங்கியது, இறங்கச் சொன்னால் கால்கள் தள்ளாடின.

காரணம் எளிய கணக்கு. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வீசும் பின்காற்றோடு நானும் அதே வேகத்தில் போனால், டிரெய்லரைக் கடந்து செல்லும் காற்றின் வேகம் ஏறத்தாழ பூஜ்யம். மிதிக்கும் நம்மைவிட நாய் தரைக்கு நெருக்கமாக இருப்பதால், சூடேறிய சாலையிலிருந்து எழும் வெப்பமும் அதற்கே அதிகம். போதாக்குறைக்கு, புழுதிக்கு அஞ்சி முன்பக்கத்தின் ஒளிபுகும் பிளாஸ்டிக் மறைப்பை நான் இறக்கிவிட்டிருந்தேன். அது உள்ளே வந்த வெயிலின் சூட்டை வெளியே விடாமல் அடைத்துவிட்டது. எதிர்க்காற்று மிதிப்பவருக்குப் பகை, நாய்க்கு நண்பன் என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

அதன்பின் நான் செய்த மாற்றங்கள் இவை. பிளாஸ்டிக் மறைப்பை முற்றிலும் கழற்றிவிட்டு வலைத்துணியை மட்டும் வைத்தேன். கூரைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டினேன். துணி கூரையோடு ஒட்டியிருந்தால் பயன் குறைவு, இடையில் காற்று ஓட வேண்டும். மெத்தையை எடுத்துவிட்டு, அடியிலும் காற்று புகும்படி இழுத்துக் கட்டிய வலைப்படுக்கை போட்டேன். எல்லாவற்றையும்விட முக்கியமாக, நாயின் மூக்கு இருக்கும் உயரத்தில் கம்பியில்லா வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் திரையைக் கைப்பிடியில் பொருத்தினேன். உள்ளே 30 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நிறுத்திவிடுவது என்பது நான் எனக்கு விதித்துக்கொண்ட வரம்பு. விலையுயர்ந்த வழிகாட்டிக் கருவியை விட்டுச் செல்லச் சொன்னாலும் விடுவேன், இந்தச் சிறு வெப்பமானியை விடமாட்டேன்.

நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி வரை. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நான் கண்ட அறிகுறிகள் தெரிந்தால், முதலில் நிழலில் உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள், பிறகு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி வைப்பது தவறு. சிறிது நேரத்தில் அதுவே சூட்டை உள்ளே அடைக்கும் போர்வையாகிவிடும்.

படி 3: தண்ணீரும் தீனியும்

ஓய்வாக இருக்கும் நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 முதல் 60 மி.லி. தண்ணீர் தேவை. பாலைவனத்தில் இக்கணக்கு போதாது; என் நாய்க்குக் குடிக்க 2 லிட்டர், உடலை நனைக்க 1 லிட்டர், எனக்கு 8 லிட்டர் என்று ஒரு நாளைக்கு 11 லிட்டர் வைத்தேன். அடுத்த தண்ணீர் இரண்டு நாள் தொலைவில் என்றால் 22 கிலோ சுமை கூடுகிறது என்பதை வழியைத் திட்டமிடும்போதே எண்ணிப் பாருங்கள். உங்கள் தின்பண்டப் பை நாய்க்கு எட்டக் கூடாது: உலர்திராட்சையும் சாக்லேட்டும், சர்க்கரையில்லாத இனிப்புகளில் சேர்க்கும் சைலிட்டாலும் நாய்க்கு நஞ்சு.

படி 4: நேரமும் பாதமும்

விடியலுக்கு முன் புறப்பட்டு, பத்து மணிக்குள் நிழல் தேடி, மாலை ஐந்துக்குப் பின் மீண்டும் கிளம்புங்கள். புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். தாங்க முடியாவிட்டால் நாயை இறக்காதீர்கள். பாலை இரவு சட்டென்று குளிரும் என்பதால் நாய்க்கும் ஒரு கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தி சாய்ந்தபின் பாம்பும் தேளும் நடமாடும். அப்போது வாரை அவிழ்க்க வேண்டாம்.

பிற்சேர்க்கை

மின்விசிறி பொருத்தினால் போதாதா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தனர். காற்று நாயின் உடலைவிடச் சூடாக இருக்கும்போது, உலர்ந்த ரோமத்தின் மேல் விசிறி அடித்தால் சூட்டைத்தான் கொண்டு சேர்க்கும். ரோமத்தை அடிவரை நனைத்துவிட்டு விசிறினால் மட்டுமே பலன். குளிர்விக்கும் மேலாடையும் அவ்வாறே: ஈரம் உள்ளவரை நல்லது, காய்ந்துவிட்டால் அது வெறும் இன்னொரு சட்டை.

வேறொருவர் சுட்டிக்காட்டியது நான் எழுத மறந்த ஒன்று. மிதிவண்டிக்குத் தடித்த டயர் போட்டிருந்த அவர், டிரெய்லரின் மெல்லிய டயர்களைக் கவனிக்காமல் நெருஞ்சி படர்ந்த இடத்தில் முகாமிட்டிருக்கிறார். காலையில் டிரெய்லரின் இரு சக்கரங்களும் காற்றிறங்கிக் கிடந்தன. கையிலிருந்த மாற்று டியூப்கள் யாவும் மிதிவண்டியின் அளவு. டிரெய்லர் சக்கரங்கள் பெரும்பாலும் 16 அல்லது 20 அங்குலம்தான். அந்த அளவில் இரண்டு டியூப் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். முகாமிடும் தரையைக் கையால் துழாவிப் பார்த்துவிட்டு நாயை இறக்குங்கள். டயரில் ஏறும் அதே முள்தான் பாதத்திலும் ஏறும்.