விலை குறைந்த கிட்டாரில் முதலில் நட்டைப் பாருங்கள்

ஸ்குவையர் போன்ற விலை குறைந்த எலெக்ட்ரிக் கிட்டார்களில் பிக்கப்பெல்லாம் (கம்பி அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) இன்று நன்றாகவே இருக்கிறது. விலை ஏற ஏறப் பெரும்பாலும் கூடுவது கைவேலைதான்: ஃபிரெட் (கிட்டாரின் கழுத்தான நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஓரங்களைத் தேய்த்து மழமழப்பாக்குவது, நட்டில் (நெக்கின் தலைமாட்டில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) கம்பி உட்காரும் பள்ளத்தைச் சரியான ஆழத்துக்கு வெட்டுவது.

நட்டைச் சோதிப்பது சுலபம். கம்பியை 2, 3-ஆம் ஃபிரெட்டுகளுக்கு நடுவே அழுத்துங்கள். முதல் ஃபிரெட்டுக்கு மேலே தாள் கனத்துக்கு இடைவெளி தெரிந்தால் போதும். அதைவிட நன்றாகவே அதிகமாக இருந்தால் பள்ளத்துக்கு ஆழம் போதவில்லை. ட்யூனிங் சரியாக இருந்தும் ஓபன் கார்டுகள் (சில கம்பிகளை அழுத்தாமலே மீட்டும் ஸ்வரக் கூட்டுகள்) சுருதி ஏறி ஒலிக்கும், விரலும் வலிக்கும். புதிதாகக் கற்பவர்கள் இதைத் தங்கள் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள், பாவம்.

செட்டப்பில், அதாவது கிட்டாரின் பாகங்களைச் சரிப்படுத்தும் வேலையில், நட்டுப் பள்ளத்தைச் சரியான ஆழத்துக்கு வெட்டினால் இது தீர்ந்துவிடும். மற்றபடி நெக் வளைவு, கம்பி உயரம், அப்புறம் இன்டொனேஷன் (நெக் நெடுகச் சுருதி சரியாக இருப்பது), இந்த வரிசையில் போங்கள். 12-ஆம் ஃபிரெட்டில் அழுத்திய ஸ்வரம் அதே இடத்து ஹார்மோனிக்கைவிட (கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் ஒலி) ஏறி ஒலித்தால் சேடிலை (கிட்டாரின் உடல் பக்கம் கம்பி அமரும் பாகம்) நெக்கிலிருந்து விலகும்படி பின்னுக்கு நகர்த்துங்கள். நெக் வளைவைச் சரிசெய்ய அதன் உள்ளே இருக்கும் தண்டான ட்ரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருக வேண்டாம்.

ஹெட்ஸ்டாக் (நெக்கின் தலைப்பகுதி) பக்கமிருந்து நெக் நெடுகப் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள், செட்டப்பால் அது நிமிராது.