பேரவையில் மறுப்புச் சொல்லும்போது நாம் விடும் பிழைகள்

கோணேசபுரியில் இருக்கும் திருகோணமலை வளாகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. பணம், நியமனம், கட்டடம், ஒழுக்காற்று நடவடிக்கை என்று பெரிய விடயங்கள் எல்லாம் கடைசியில் பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் உயர் சபையான பேரவையின் மேசைக்குத்தான் போகின்றன. பல்கலைக்கழகத்தின் தலைமையகம் வந்தாறுமூலையில், இங்கிருந்து 100 கிலோமீற்றருக்கும் அப்பால். அதனால் பேரவை முடிவுகள் திருகோணமலைக்கு வந்து சேரும்போது பாதி செய்தியாகவும் பாதி வதந்தியாகவும் இருக்கும். "ஒருவர் எதிர்த்தாராம்" என்பார்கள். யார், எதை, என்ன காரணத்துக்காக எதிர்த்தார் என்று கேட்டால் பதில் இராது. ஒரு மறுப்பு இப்படிக் காற்றோடு போவதற்கு, மறுத்தவரும் வெளியே நிற்கும் நாமும் விடும் சில பிழைகள்தான் பெரும்பாலும் காரணம்.

முதல் பிழை, பேரவை யாருக்காக இருக்கிறது என்பதை மறந்துவிடுவது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி துணைவேந்தர், வளாக முதல்வர், பீடாதிபதிகள், கல்வி விடயங்களைக் கவனிக்கும் மூதவை தெரிவுசெய்யும் இருவர் ஆகியோர் உள்ளிருந்து வருகிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும் வெளிவாரி உறுப்பினர்களின் தொகை, இவர்களின் மொத்தத் தொகையை விட ஒன்று கூடுதல். இந்த ஒன்று தற்செயலாக வந்ததல்ல. பேரவைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் துணைவேந்தர். நிர்வாகத் தலைவரும் கணக்குக்குப் பொறுப்பானவரும் அவரே. அதாவது, யாரிடம் கேள்வி கேட்க வேண்டுமோ அவரே தலைவர் நாற்காலியில் இருக்கிறார். அதற்கு ஈடுகட்டத்தான் வெளியாட்களுக்குப் பெரும்பான்மை கொடுக்கப்பட்டிருக்கிறது. வெளிவாரி உறுப்பினர் ஒருவர் நியமனத்தைக் கௌரவமாக மட்டும் எடுத்துக்கொண்டு, தேநீர் குடித்துத் தலையாட்டிவிட்டு வந்தால் அந்த ஏற்பாடே பயனற்றுப் போகிறது.

கிழக்கில் வாய்மூடி இருந்ததற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2006 டிசம்பர் 15 அன்று இதே பல்கலைக்கழகத்தின் அப்போதைய துணைவேந்தர் பேராசிரியர் சி. இரவீந்திரநாத் கொழும்பில் காணாமல் ஆக்கப்பட்டார். அந்தக் காலத்தில் மௌனமாக இருந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பழக்கம், ஆபத்து குறைந்த காலத்திலும் மரியாதை என்ற பெயரில் தொடர்கிறது. இதைத்தான் விட வேண்டும்.

அடுத்த பிழைதான் எல்லாவற்றிலும் பெரியது: மறுப்பை வாயால் மட்டும் சொல்லிவிட்டு எழும்பி வருவது. கூட்டறிக்கையில், அதாவது கூட்டத்தில் நடந்ததை எழுதிவைக்கும் பதிவில், "பேரவை அங்கீகரித்தது" என்ற ஒரு வரிதான் நிற்கும். மூன்று வருடம் கழித்துக் கணக்காய்வில் அந்த முடிவு கேள்விக்கு உள்ளானால், அன்று எதிர்த்தவரும் ஆதரித்தவரும் ஒரே வரிக்குள் இருப்பார்கள். ஆகவே மறுக்கும் உறுப்பினர் தன் மறுப்பை மூன்று இடத்தில் எழுத்தில் கொண்டுவர வேண்டும். பேசப்போகும் விடயத்தை விளக்கும் பேரவைப் பத்திரம் கைக்கு வந்தவுடன், கூட்டத்துக்கு முன்பே, உங்கள் கேள்விகளைப் பதிவாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பேரவையின் செயலாளர் அவர்தான், மின்னஞ்சல் போதும். கூட்டத்தில், "எனது மறுப்பைக் காரணத்தோடு பதியுங்கள்" என்று சொற்களைத் தெளிவாகச் சொல்லுங்கள். "எனக்குக் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது" என்பது மறுப்பல்ல, அதை யாரும் எழுதவும் மாட்டார்கள். பிறகு வரைவுக் கூட்டறிக்கை வந்ததும் வாசியுங்கள். அடுத்த கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் "உறுதிப்படுத்தலாமா?" என்று கேட்கும்போது எல்லோரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பதிவு திருத்தப்படுவதற்கு உகந்த நேரம் அதுதான். உறுதிப்படுத்திய பிறகு திருத்தச் சொன்னால், நீங்கள் மனம் மாறிவிட்டீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

மறுப்பு ஆளைப் பற்றியதாக இருக்கக் கூடாது. ஒரு விடுதிக் கட்டடத்துக்கான ஒப்பந்தம் பேரவைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "அவருடைய ஆட்களுக்குத்தான் கொடுப்பார்கள்" என்று நீங்கள் சொன்னால் பேச்சு உங்கள் மேல் திரும்பும். தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை ஏன் இணைக்கப்படவில்லை, குறைந்த விலைமனு எந்தக் காரணத்தால் நிராகரிக்கப்பட்டது என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். பதில் இல்லாவிட்டால் அந்த இன்மையும் பதிவாகும். அதோடு, ஊர், சமயம், சமூகம் என்று பேச்சுப் போனால் உண்மையான குறை அப்படியே மறைந்துவிடும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் திருகோணமலையில் இதை நாம் போதுமான அளவு பார்த்திருக்கிறோம்.

தன் உறவினரோ மாணவரோ விண்ணப்பித்திருக்கும் பதவி பேசப்படும்போது அறைக்குள் இருப்பது தவறு. பேசாமல் இருந்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது, வெளியேற வேண்டும். வெளியேறியதும் பதியப்பட வேண்டும்.

கோபத்தில் பதவி விலகுவதையும் நான் பிழை என்றே சொல்வேன். விலகல் கடிதம் ஒரு நாள் செய்தியாகும். கேள்வி கேட்ட ஒரே ஆள் போய்விட்டதால் அடுத்த கூட்டம் இன்னும் சுலபமாக நடக்கும். இனி இருந்து பயனில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், காரணங்களை விபரமாக எழுதி, நியமித்த ஆணைக்குழுவுக்கும் பதிவாளருக்கும் கொடுத்துவிட்டுப் போகலாம்.

சரி, பேரவைக்கு வெளியே இருக்கும் விரிவுரையாளர், மாணவர், பெற்றோர் என்ன செய்கிறோம்? மொட்டைக் கடிதம் எழுதுகிறோம், வாட்ஸ்அப்பில் பத்திரத்தின் பாதிப் பக்கத்தைப் பரப்புகிறோம். மொட்டைக் கடிதத்தை ஒதுக்கி வைப்பது மிகச் சுலபம். பாதிப் பக்கமோ, மீதிப் பக்கம் வெளிவரும் நாளில் நம்மையே பொய்யராக்கும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் காட்டத் தேவையில்லை. மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம், அதற்குப் பிறகு தகவல் ஆணைக்குழு இருக்கிறது. இங்கும் ஒரு பிழை நடக்கிறது: "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டு அனுப்புகிறார்கள். சட்டம் தருவது ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. இன்ன மாதக் கூட்டத்தின் இன்ன விடயத்துக்கான கூட்டறிக்கைப் பகுதி, இணைக்கப்பட்ட பேரவைப் பத்திரம் என்று கேளுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் கொடுக்கக்கூடிய தகவலை வெளியிட்டதற்காக ஓர் ஊழியரைத் தண்டிக்க முடியாது என்பதையும் உள்ளே இருப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பணம் பற்றிய குறை என்றால் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையில் முதலில் தேடுங்கள். பல்கலைக்கழகக் கணக்குகள் அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றத்தின் கோப் (COPE) குழுவுக்கும் போகின்றன. நியமனம், பதவியுயர்வு பற்றிய ஊழியர் குறைக்குப் பல்கலைக்கழக சேவைகள் மேன்முறையீட்டுச் சபை இருக்கிறது. அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான். பேரவை அடுத்த கூட்டத்தில் திருத்திவிடும் என்று காத்திருந்து அந்த மாதத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால், ஆணைக்குழுவின் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் நீதிமன்றக் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.