வின்சென்ட் தே பவுல் சபையில சேர்ந்தா என்ன வேலை, அதை எப்படி செய்யணும்

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வெளிய வரும்போது யாராவது ஒருத்தர் கேட்டுடறாங்க, அண்ணே உங்க வின்சென்ட் தே பவுல் சபையில சேரணும்னா என்ன பண்ணணும், மாசம் எவ்வளவு கட்டணும்னு. கட்ட வேண்டியது எதுவும் இல்ல தம்பி, வாரத்துல ஒரு சாயங்காலம் மீட்டிங்குக்கு, இன்னொரு சாயங்காலம் ரெண்டு மூணு வீட்டுக்குப் போக, அந்த நேரம் குடுத்தா போதும்னு சொல்லுவேன். கோயில் படியில நின்னுக்கிட்டு அதுக்கு மேல சொல்ல முடியறதில்ல. பதினஞ்சு வருஷமா எங்க பங்குல, அதாவது எங்க கோயிலுக்கு உட்பட்ட வட்டாரத்துல, இந்த வேலையைப் பாத்ததுல தெரிஞ்சுக்கிட்டதை இங்க விவரமா எழுதிடறேன், புதுசா சேர்றவங்களுக்கும் உதவும், சபை இல்லாத பங்குல ஆரம்பிக்க நினைக்கறவங்களுக்கும் உதவும்.

நிறைய பேர் இதை கிறிஸ்மஸுக்கு சேலையும் அரிசியும் குடுக்கற சபைன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. இது கத்தோலிக்கக் கோயில்கள்ல ஏழைங்களுக்கு உதவற சபை. ஏழைங்க வீட்டுக்குப் போறதுதான் இந்த சபையோட வேலை, மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான். 1833 ஏப்ரல் 23ஆம் தேதி பாரிஸ்ல ஃபிரெடெரிக் ஓசானாம்னு ஒரு காலேஜ் பையன், அன்னைக்குத்தான் அவருக்கு 20 வயசு நிறையுது, கூட்டாளிங்களோட சேர்ந்து இதை ஆரம்பிச்சாரு. முந்தின வருஷம்தான் அந்த ஊரை காலரா வாரிக்கிட்டுப் போயிருக்கு. இவங்க நடத்திக்கிட்டு இருந்த விவாதக் கூட்டத்துல, உங்க திருச்சபை அந்தக் காலத்துல நல்லது பண்ணுச்சு சரி, இன்னைக்கு நீங்க ஏழைங்களுக்கு என்ன பண்றீங்கன்னு கேள்வி வந்தது, பதில் சொல்ல முடியல. உடனே அவரும் இன்னொரு நண்பரும் தங்ககிட்ட மிச்சமிருந்த விறகைத் தூக்கிக்கிட்டு ஒரு ஏழை வீட்டுக்குப் போனாங்கன்னு சொல்வாங்க. வீட்டுக்குள்ள போனா எப்படி நடந்துக்கணும்னு அந்தப் பசங்களுக்குக் கத்துக்குடுத்தது ரோஸலி ரெந்துங்கற ஒரு சிஸ்டர், முஃப்டார் பகுதியில ஏழைங்க மத்தியில பல வருஷம் உழைச்சவங்க. பங்குல இருக்கிற குழுவுக்கு கான்ஃபரன்ஸ்னு பேரு வந்ததும் அந்த விவாதக் கூட்டத்தோட பேர்ல இருந்துதான். ஓசானாமுக்கு 1997ல பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அருளாளர் பட்டம், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தின படி, குடுத்தாரு.

சேர்றது சுலபம். பங்குல சபை இருந்தா பிரசிடென்ட்கிட்ட சொல்லிட்டு ரெண்டு மூணு கூட்டத்துல சும்மா போய் உக்காருங்க, புடிச்சிருந்தா தொடருங்க. இல்லைன்னா முதல்ல பங்குத்தந்தைகிட்ட பேசணும், அவர் சம்மதம் இல்லாம ஒண்ணும் நடக்காது. அஞ்சாறு பேர் சேர்ந்து பிரசிடென்ட், செக்ரட்டரி, டிரஷரர்னு ஆளுக்கு ஒரு பொறுப்பு எடுத்து சில மாசம் ஒழுங்கா கூட்டம் நடத்திட்டு, மறைமாவட்டத்துல (ஒரு ஆயருக்குக் கீழ வர்ற பங்குகள் எல்லாம் சேர்ந்தது) இருக்கிற மத்திய சபைக்கு எழுதினா மத்த வழி அவங்க சொல்வாங்க, சேர்த்துக்கிட்டதுக்கான கடிதம் பாரிஸ்ல இருந்து வரும். பெண்களும் சேரலாம். எங்க பங்குல ஆம்பளைங்க ஒரு கிளை, பெண்கள் ஒரு கிளைன்னு இருக்கு, அது ஏன் தேவைன்னு கீழ சொல்றேன்.

கூட்டம் ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது. ஆரம்ப செபம், ஒரு சின்ன ஆன்மீக வாசகம், போன வார மினிட்ஸ், கணக்கு, அப்புறம் ரெண்டு ரெண்டு பேரா போனவங்க அவங்கவங்க போய் வந்த வீட்டைப் பத்திச் சொல்றது, புதுசா வந்த விண்ணப்பம், கடைசியில பை. இந்தப் பையைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். இரகசியப் பைன்னு சொல்லுவோம், எங்களுது மெரூன் கலர் துணிப்பை, வாய் சுருக்கு வச்சது. கை மாறி கை மாறி சுத்தி வரும், எல்லாரும் கையை மூடி உள்ள விட்டு விரிச்ச கையா வெளிய எடுப்போம். யார் 500 போட்டா, யார் 10 போட்டா, யார் ஒண்ணுமே போடலன்னு பக்கத்துல உக்காந்தவருக்குக்கூட தெரியாது. எங்க சபையிலயே ஆட்டோ ஓட்டற அண்ணன் இருக்காரு, பேங்க்ல மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவரும் இருக்காரு, அந்தப் பை முன்னாடி ரெண்டு பேரும் ஒண்ணுதான். கொஞ்சம் காசு வசதி வந்ததும் சில இடத்துல இதை விட்டுட்டு ஆளுக்கு மாசம் இவ்வளவுன்னு சந்தா வச்சுடறாங்க. தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க, சந்தா கட்ட முடியாதவன் மூணாவது மாசம் கூட்டத்துக்கு வரமாட்டான், ஏன் வரலன்னும் சொல்லமாட்டான்.

இப்போ வீட்டுக்குப் போற விஷயம். எப்பவும் ரெண்டு பேரா போங்க, தனியா போகவே போகாதீங்க. ரெண்டு பேர் போனா ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் கவனிக்கலாம், உங்க மேலயும் வீட்டுக்காரங்க மேலயும் பேச்சு வராது. புருஷன் இல்லாத இளவயசுப் பொண்ணு இருக்கிற வீடுன்னா ஆம்பளைங்க போகாம பெண்கள் கிளையில சொல்லிடுங்க, அது இல்லைன்னா உங்க வீட்டுக்காரம்மாவையோ கன்னியர் மடத்து சிஸ்டரையோ கூட்டிக்கிட்டு பகல்லயே போங்க. ஒரே வீட்டுக்கு அதே ரெண்டு பேர்தான் தொடர்ந்து போகணும், வாரம் ஒரு முகம் வந்தா யாரு மனசு விட்டுப் பேசுவாங்க? வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு, இயேசுவுக்கே புகழ்னு சொல்லிட்டு, உக்காருங்கன்னா உக்காருங்க. பாயைத் தட்டிப் போட்டா பாயில உக்காருங்க. காப்பித்தண்ணி குடுத்தா வேண்டாம்னு சொல்லாதீங்க, அது அவங்களுக்கு செலவுதான், இருந்தாலும் குடிச்சிட்டு வாங்க. ஒரு தடவை கௌரவமா குடுக்க விட்டாத்தான் அடுத்த தடவை கௌரவமா வாங்கிக்குவாங்க.

நான் சேர்ந்த புதுசுல நடந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒத்தை ரூம்ல தனியா இருக்கிற ஒரு பாட்டியம்மா வீட்டுக்கு அஞ்சு கிலோ அரிசிப் பையோட போனோம். பையை வாங்கி ஓரமா வச்சுட்டு ஒண்ணும் சொல்லல. கூட வந்த பெரியவர் சபையில முப்பது வருஷம் இருந்தவர், அவர் கிளம்பாம அப்படியே உக்காந்து பேசிக்கிட்டே இருந்தாரு, மழை ஒழுகுதா, தூக்கம் வருதான்னு. அரை மணி நேரம் கழிச்சுத்தான் பாட்டி வலது கையை நீட்டி, "ரேகை விழ மாட்டேங்குதுப்பா" அப்படின்னாங்க. வாழ்க்கை முழுக்க பாத்திரம் தேய்ச்ச கை, விரல் நுனியெல்லாம் வழவழன்னு கண்ணாடி மாதிரி இருந்தது. ரேஷன் கடை மிஷின்ல ரேகை விழல, உதவித்தொகை எடுக்கப் போனா அங்கயும் விழல. அரசாங்கமே அரிசி இலவசமா குடுக்கற ஊர்ல அவங்களுக்கு நாங்க அரிசி வாங்கிட்டுப் போயிருக்கோம். மறுநாள் ஆட்டோ வச்சு ஆதார் சென்டருக்குக் கூட்டிட்டுப் போய் ரேகையும் கருவிழியும் புதுசா பதிவு பண்ணினோம். வயசானவங்களுக்குப் பதிலா வேற ஒருத்தர் ரேஷன் பொருள் வாங்க எழுதிக் குடுக்கற ஒரு படிவம் இருக்கு, அதையும் கடையில கேட்டு வாங்கிக் குடுத்தோம். அன்னைக்கு அந்தப் பெரியவர் உக்காந்த மாதிரி உக்காரலைன்னா நாங்க வாரா வாரம் அரிசிதான் குடுத்துக்கிட்டு இருந்திருப்போம்.

அதனால அரசாங்கத் திட்டங்களை நல்லா தெரிஞ்சு வச்சுக்கோங்க, நம்ம பையில இருக்கிற காசை விட அது பெருசு. முதியோர் உதவித்தொகை 60 வயசு ஆனவங்களுக்கு, 2023 ஆகஸ்ட்ல இருந்து மாசம் 1,200 ரூபாயா கூட்டினாங்க, இ-சேவை மையத்துல விண்ணப்பம் போட்டா விஏஓ வந்து விசாரிப்பாரு. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு, வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் சிகிச்சை கிடைக்கும். இந்த அட்டையை நோய் வந்த அப்புறம் தேடாம எல்லா வீட்டுலயும் முன்னாடியே எடுத்து வைக்கச் சொல்லுங்க. சாவு விழுந்த வீட்டுல 21 நாளுக்குள்ள இறப்பைப் பதிவு பண்ணிடணும், அந்த சர்டிபிகேட் இல்லாம விதவை உதவித்தொகைக்கு அலைஞ்சவங்களை நிறைய பாத்துட்டேன். இன்னொரு விஷயம் மனசு வலிக்கிறது. நம்ம தலித் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு சாதிச் சான்றிதழ் எஸ்.சி.ன்னு வராது, பி.சி.ன்னுதான் வரும், ஒரே தெருவுல அதே கஷ்டத்துல இருக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கிற எஸ்.சி. இடஒதுக்கீடு நம்ம பிள்ளைக்கு வராது. அந்தப் பிள்ளைங்க படிப்புச் செலவுக்கு சபை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கணும். ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முன்னாடி ஏப்ரல்லயே கணக்குப் போடுங்க, பீஸை நேரா ஸ்கூல்ல கட்டி ரசீதை அம்மா கையில குடுங்க.

காசா குடுக்கலாமா பொருளா குடுக்கலாமான்னு எல்லா கூட்டத்துலயும் பேச்சு வரும். என் கருத்து, அவங்களையே கேளுங்க. குடிக்கிற புருஷன் இருக்கிற வீடுன்னா அந்தம்மாவே சொல்லும், அண்ணே கையில குடுக்காதீங்க, கடையில கட்டிடுங்கன்னு. மகளிர் குழு லோன் தவணை கட்ட முடியாம கந்துவட்டி வாங்கப் போற வீட்டுக்கு அரிசி மூட்டை இறக்கிப் பிரயோஜனம் இல்ல, அங்க காசுதான் வேணும்.

ஃபோட்டோ எடுக்காதீங்க. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் எனக்குப் பத்தாது. ஒரு கிறிஸ்மஸ்ல கோயில் முன்னாடி வரிசையா நிக்க வச்சு சேலை குடுத்தோம், நான்தான் படம் எடுத்து பங்கு வாட்ஸப் குரூப்ல போட்டேன். பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணு கிளாஸ்ல யாரோ அவங்கம்மா படத்தைக் காட்டியிருக்காங்க. அந்தம்மா அடுத்த ஞாயிறு பூசைக்கு வரல, அதுக்கடுத்த ஞாயிறும் வரல. வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டேன். பரவாயில்லண்ணேன்னு சொன்னாங்க, ஆனா சேலையை மடிப்புக் கலையாம திருப்பிக் குடுத்துட்டாங்க. அதுல இருந்து எங்க சபையில வரிசை கிடையாது, படம் கிடையாது. சாதாரண கட்டைப்பையில போட்டு இருட்டினதுக்கு அப்புறம் பெண்கள் கிளையோட சேர்ந்து வீட்டுல போய்க் குடுக்கறோம். எந்த வீட்டுக்குப் போறோம்னு அன்பியத்துல (பக்கத்துப் பக்கத்து குடும்பங்க சேர்ந்து செபிக்கற குழுவுல) சொல்லக்கூடாது, உங்க வீட்டம்மாகிட்டயும் சொல்லக்கூடாது. மினிட்ஸ்ல பேர் எழுதாம நம்பர் போடுங்க.

பணம் வர்ற வழி பைக்கு வெளியவும் இருக்கு. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் உண்டியல்ல ஒரு பகுதி குடுக்கச் சொல்லி பங்குத்தந்தைகிட்ட கேக்கலாம். மாசம் ஒரு ஞாயிறு வீடு வீடா பழைய பேப்பர் எடுத்து வித்தா நல்லாவே தேறும், இளைஞர்களும் ஆர்வமா வருவாங்க. வெளிநாட்டு கான்ஃபரன்ஸ் ஒண்ணு உங்க கான்ஃபரன்ஸோட இணைஞ்சு உதவற ட்வின்னிங் இருந்தா, ஆஸ்திரேலியா அயர்லாந்துல எல்லாம் பண்றாங்க, காசு வந்ததும் மறக்காம கடிதம் எழுதுங்க, கணக்கோட சேர்த்து நலம் விசாரிச்சு எழுதுங்க. பேங்க் கணக்குல ரெண்டு பேர் கையெழுத்து கட்டாயம். சேர்த்துச் சேர்த்து டெபாசிட் போடறது இந்த சபையோட முறை கிடையாது, ஏழைங்களுக்குன்னு வந்தது ஏழைங்களுக்குப் போயிடணும்.

திருவிழாவுக்குத் தண்ணி குடுக்கறது, தேர் பவனியில கூட்டத்தை ஒழுங்குபடுத்தறது, கல்லறைத் திருநாளுக்கு முன்னாடி கல்லறைத் தோட்டத்துல புல் செதுக்கறது எல்லாம் உண்டு, பங்குல மத்த சபைகளோட சேர்ந்து செய்ங்க. சாவு வேலை மட்டும் நம்மளுதுன்னு எடுத்துக்கோங்க. யாரும் இல்லாதவங்க இறந்தா ஃப்ரீசர் பாக்ஸ் சொல்றது, பெட்டி வாங்கறது, குழி வெட்டறவருக்கு சொல்றது, பங்குத்தந்தைக்கு நேரம் சொல்றது, ராத்திரி செபமாலைக்கு ஆள் சேர்க்கறது, இதுக்கு ஆளுக்கு ஒரு பொறுப்புன்னு முன்னாடியே பிரிச்சு வச்சுக்கணும், சாவு வீட்டுல நின்னு யோசிக்கக் கூடாது. தூக்கறதுக்கு குறைஞ்சது ஆறு பேர் வேணும், வேலை நாள்ல ஆறு ஆம்பளை கிடைக்கறது கஷ்டம், அதனால ரிட்டயர் ஆனவங்க, நைட் ஷிஃப்ட் பாக்கறவங்க லிஸ்ட் தனியா வச்சுக்கோங்க. இறந்தவங்க நம்ம சபையா வேற மதமான்னு பாக்காதீங்க, அவங்க முறைப்படி என்ன உண்டோ அதுக்கு உதவுங்க.

முதல் தடவை வீட்டுக்குப் போறவங்களுக்கு, சட்டைப் பையில சின்ன நோட்டு ஒண்ணு வச்சுக்கோங்க, ஆனா அவங்க முன்னாடி எழுதாதீங்க, தெருமுனை தாண்டினதும் எழுதுங்க. போனை சைலன்ட்ல போடுங்க. செய்ய முடியும்னு உறுதியா தெரியாததை வாக்குக் குடுக்காதீங்க, கூட்டத்துல பேசிட்டு வர்றோம்னு சொல்லுங்க, அடுத்த வாரம் பதில் இல்லைன்னாலும் போய் இல்லைன்னு சொல்லிட்டு வாங்க. வேலை மாத்தலாகி ஊரை விட்டுப் போறதா இருந்தா சட்டுனு நின்னுடாதீங்க, உங்க இடத்துக்கு வர்ற ஆளைக் கூட்டிக்கிட்டு ரெண்டு வாரம் சேர்ந்தே போங்க, முதல் வாரம் நீங்க பேசுங்க, ரெண்டாவது வாரம் அவர் பேசட்டும்.