டிரான்சிட்டில் நம் ஆட்கள் தடுமாறும் இடங்கள்

போன மாதம் லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும்போது, விமானம் மாறும் இடத்தில் இரண்டு தம்பிமாரைப் பார்த்தேன். பேச்சைக் கேட்டதுமே நம்ம இலங்கை மலையகத்துப் பிள்ளைகள் என்று தெரிந்துவிட்டது. விசாரித்தால் பொகவந்தலாவை. முதல் பயணம், ரியாத்துக்கு. பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி ஒரு கேட்டின் முன்னால் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே இருந்த திரையில் வேறு ஊரின் பெயர் எரிந்துகொண்டிருந்தது.

12 வருடத்துக்கு முன்னால் நானும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பாஸ்போர்ட் பத்திரம், காசு பத்திரம் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அதை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியிலும் சொல்வார்கள், வீட்டிலும் அழுதுகொண்டே சொல்வார்கள். ஒரு விமானத்திலிருந்து இறங்கி அடுத்த விமானத்தின் கதவு வரை நடந்து போகிற அந்த இரண்டு மூன்று மணி நேரத்தைப் பற்றித்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

முன்னால் போகிறவர் பின்னாலேயே போவது

கதவு திறந்ததும் எல்லாரும் ஒரே திசையில் வேகமாக நடப்பார்கள். அதில் பலர் அந்த ஊரிலேயே இறங்குகிறவர்கள். அவர்கள் போவது 'அரைவல்ஸ்' பக்கம், அதாவது குடிவரவு வரிசைக்கு. நமக்கு வேண்டியது 'டிரான்ஸ்பர்ஸ்' அல்லது 'கனெக்ஷன்ஸ்' என்ற பலகை. லண்டன் ஹீத்ரோவில் அது ஊதா நிறத்தில் இருக்கும்.

பெட்டியைத் தேடிப் போவதும் இதனால்தான். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பெட்டிக்குக் கட்டும் பட்டியில் கடைசி ஊரின் மூன்று எழுத்து இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். குவைத் என்றால் கே டபிள்யூ ஐ. அது இருந்தால் பெட்டி தானாகப் போய்ச் சேரும். அமெரிக்கா வேறு கணக்கு. அங்கே பெரும்பாலும் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டித் திரும்பக் கொடுக்க வேண்டும்.

அட்டையில் இருக்கும் கேட் எண்ணை நம்பி உட்காருவது

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கட்டுநாயக்கவில் இரண்டு போர்டிங் பாஸ் தருவார்கள். இரண்டாவதில் சில சமயம் கேட் எண்ணும் அச்சாகியிருக்கும். அது அச்சடித்த நேரத்து நிலவரம், அவ்வளவுதான். நீங்கள் நாலைந்து மணி நேரம் பறந்து இறங்குவதற்குள் எங்கோ ஒரு விமானம் தாமதமாகும், அது நின்ற கேட் காலியாகாது, உங்களுடையதை வேறு கேட்டுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே தினமும் நடக்கிற காரியம் இது.

என் முதல் பயணத்தில் டிரான்சிட் நான்கு மணி நேரம். தலவாக்கலையிலிருந்து முந்தின நாள் மத்தியானமே வான் வண்டியில் புறப்பட்டதால் இரவு முழுக்கத் தூக்கமில்லை. அட்டையில் இருந்த எண்ணைத் தேடிப் பிடித்து, மூன்று மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வந்து நிறைந்தார்கள். இவர்கள் எழுந்தால் நானும் எழுந்துவிடலாம் என்று நிம்மதியாக இருந்தேன். அவர்கள் எழுந்தார்கள், நானும் போய் வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் என் அட்டையை இயந்திரத்தில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அது மணிலா போகிற வரிசை. குவைத் விமானம் வேறொரு கேட்டில் கதவை மூடி 20 நிமிடம் ஆகியிருந்தது.

அடுத்த விமானத்தில் இடம் கிடைக்க 16 மணி நேரம் ஆனது. டிக்கெட்டை மாற்றிய காசை ஏஜென்சி கட்டிவிட்டு, மூன்று மாதம் என் சம்பளத்தில் பிடித்தது. அந்த மூன்று மாதமும் வீட்டுக்குப் பாதிக் காசுதான் அனுப்பினேன். தம்பியின் ஓ.எல். பரீட்சை டியூஷன் அதோடு நின்றுபோனது.

திரை என் தலைக்கு மேலேதான் இருந்தது. நான் எண்ணைப் பார்த்தேனே தவிர ஊரைப் பார்க்கவில்லை.

நமக்கு இது அடிக்கடி நடக்கக் காரணம் இருக்கிறது. ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் வரும் முன் மணி அடிப்பார்கள். பஸ் என்றால் கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுவார், ஓடி வருகிறவருக்காக ஒரு நிமிடம் நிற்கவும் செய்வார். சத்தம் கேட்டால் எழுந்திருப்பதுதான் நம் பழக்கம். பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் இரைச்சலைக் குறைப்பதற்காகப் பொது அறிவிப்பையே விட்டுவிட்டார்கள். சிங்கப்பூர் சாங்கி அப்படித்தான். அங்கே யாரும் உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

சரி, என்ன செய்வது? இறங்கிப் பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் முதலில் கண்ணில் படும் புறப்பாட்டுத் திரையின் முன்னால் நில்லுங்கள். விமான எண்ணைத் தேடுங்கள். ஊரை மட்டும் பார்த்தால் போதாது, ஒரே ஊருக்கு அடுத்தடுத்து இரண்டு விமானம் இருக்கலாம். ஒரே விமானத்துக்கு வேறு வேறு கம்பனிகளின் எண்களும் மாறி மாறி வரும். வளைகுடாவில் அரபு எழுத்தும் ஆங்கிலமும் மாறும். உங்களுடையதைக் காணவில்லை என்றால் பதற வேண்டாம், திரை ஒரு சுற்று மாறும் வரை அங்கேயே நில்லுங்கள். கேட் போட்டிருந்தால் முதலில் அங்கே போய்ப் பார்த்துவிட வேண்டும். அப்புறம்தான் சாப்பாடு, கடை எல்லாம். கேட் முன்னால் உட்கார்ந்த பிறகும் அரை மணிக்கு ஒரு தடவை திரையைப் பாருங்கள். இன்னொன்று, அட்டையில் 10.00 என்று இருந்தால் 10 மணிக்குக் கதவு திறந்திருக்காது. பெரும்பாலும் 9.40க்கே மூடிவிடுவார்கள்.

அந்தத் தம்பிமாரிடம் திரையைக் காட்டினேன். "இதுல இந்த கேட்டுன்னுதானே அக்கா அடிச்சிருக்கு?" என்று சின்னவன் அட்டையை நீட்டினான். அவர்களுடைய புதுக் கேட் உள்ளே ஓடுகிற ரயிலில் ஏறிப் போகிற தூரத்தில் இருந்தது. கதவு மூட 25 நிமிடம். என் விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்ததால் நானும் கூடவே ஓடினேன். ஏறிவிட்டார்கள்.

தூரத்தைக் குறைத்து எடைபோடுவது

தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மேட்டில் ஏறிய கால்களுக்கு அந்த வழவழப்பான தரை ஒன்றுமில்லைதான். ஆனால் எழுத்து மாறினால் கட்டடமே மாறலாம். துபாயில் மூன்றாம் டெர்மினலின் பி, சி கேட்டுகளுக்கு இடையில் நடக்கலாம், ஏ கேட்டுகளுக்கு ரயில். இரண்டாம் டெர்மினல் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், பஸ்ஸில் கொண்டுபோவார்கள். தோஹாவில் 7 மீட்டர் உயரமான ஒரு மஞ்சள் கரடிச் சிலை உட்கார்ந்திருக்கும். ஏ, பி கேட்டுகள் அந்தப் பக்கம், டி, ஈ கேட்டுகள் சி பகுதியையும் தாண்டி மறுமுனையில். கரடியோடு படம் எடுப்பதைக் கேட்டைப் பார்த்து வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச் சப்பாத்து

வேண்டாம். விமானத்தில் கால் வீங்கும்.

ஊறுகாய்ப் போத்தல்

டிரான்சிட்டிலும் சோதனை உண்டு. 100 மில்லிலிட்டருக்கு மேல் எண்ணெய், ஊறுகாய், தயிர் எதுவும் கைப்பையில் வேண்டாம். அம்மா கட்டிக் கொடுத்த சம்பல் போத்தல் குப்பைத் தொட்டியில் விழுவதைப் பார்த்து ஒரு பிள்ளை அழுததை நான் கண்டிருக்கிறேன். பெரிய பெட்டியில் போடுங்கள்.

கேட்கக் கூச்சப்படுவது

ஆங்கிலம் தேவையில்லை. சீருடையில் இருப்பவரிடம் போர்டிங் பாஸை நீட்டினாலே போதும், கையைக் காட்டுவார். வளைகுடாவில் துப்புரவு வேலை செய்கிறவர்களில் தமிழும் மலையாளமும் சிங்களமும் பேசுகிறவர்கள் நிறையப் பேர்.

முழங்கால் வலிக்கிற அம்மாவை நடக்க வைப்பது

பிள்ளைகளைப் பார்க்கக் கனடாவுக்கும் லண்டனுக்கும் போகிற நம் அம்மாமார் முக்கால்வாசிப் பேர் 30, 40 வருடம் மலையில் நின்றவர்கள். "நான் நடந்துருவேன்" என்றுதான் சொல்வார்கள். கேட்காதீர்கள். டிக்கெட் போடும்போதே, பிந்தினால் 48 மணி நேரத்துக்கு முன்னாலாவது சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிந்துவிடுங்கள். காசு இல்லை. ஆளே வந்து அடுத்த கேட்டில் கொண்டுபோய் விடுவார். டிரான்சிட்டில் வழி தவறும் பயமும் அதோடு போய்விடும்.

திரும்பி வரும்போது மணி பார்ப்பது

போகும்போது கைக்கடிகாரத்தை மாற்ற மறந்தாலும் பெரிய நட்டமில்லை. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், தோஹா இரண்டரை மணி நேரம் பின்னால். அதனால் சீக்கிரமாகவே போய் நிற்பீர்கள். வரும்போது இது தலைகீழ். குவைத்திலிருந்து துபாய் வழியாக வந்தால் துபாய் ஒரு மணி நேரம் முன்னால். சிம் வேலை செய்யாத போன் குவைத் மணியையே காட்டிக்கொண்டிருக்கலாம். அதில் 8.30 என்றால் அங்கே 9.30. இறங்கியதும் புறப்பாட்டுத் திரையின் மூலையில் இருக்கும் மணியைப் பார்த்துக் கையால் மாற்றிவிடுங்கள், அலார்ம் வைத்துத் தூங்குவதென்றால் அதற்குப் பிறகு.